கரையோரச் சாப்பாடு

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "இங்கே நம்மவர் சாப்பாட்டுக் கடை எங்கே?" என்பதே. கொச்சிக் கரையில் நின்றுகொண்டு தஞ்சாவூர்ச் சாம்பாரைத் தேடுவது என்ன நியாயமோ, அறியேன். நம் பிழைப்பு இவ்வூரில். நம் குழந்தைகள் பலருக்குப் பிறப்பே இவ்வூரில். இங்குள்ளவர் உண்பதை நாமும் உண்டு பார்க்க வேண்டாமா? ஆகவே இத்திங்கள் இப்பகுதியை வயிற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

புலால் உண்போர்க்கு முதலில் சொல்லத் தக்கது மட்டாஞ்சேரியிலுள்ள ரஹ்மத்துல்லா ஹோட்டல். அப்பெயரைச் சொன்னால் விழிப்பவர்கூட, "காயிக்கா கடை" என்றால் உடனே வழி காட்டுவார். 1948இல் தொடங்கிய கடை அது. கைமா என்னும் சிறுமணி அரிசியில் ஆக்கிய பிரியாணிக்கு நம் ஆம்பூர்ப் பிரியாணியின் காரம் கிடையாது. பக்கத்தில் பேரீச்சம்பழ ஊறுகாய் வைப்பார்கள். அதைக் கண்டு என் மைத்துனர் முதலில் முகம் சுளித்தார். பின்னர் இருமுறை கேட்டு வாங்கினார். நேரத்தோடு போய்விடுவது நலம். ரயிலாவது சில நாள் தாமதிக்கும்; பிரியாணி தாமதிப்பதில்லை, தீர்ந்துவிடும்.

சைவ உணவினருக்குக் குஜராத்தித் தெருவில் டோக்ளாவும் இனிப்பு வகைகளும் உண்டு. செர்லாய்ப் பக்கம் கொங்கணி மக்கள் விற்கும் அப்பளத்தையும் ஊறுகாயையும் வாங்கி வீட்டிற்குக் கொண்டுவரலாம். இவர்களும் நம்மைப்போல் எங்கிருந்தோ வந்து இங்கே வேரூன்றியவர்களே.

இனி மீன். கோட்டைக் கொச்சியில் சீன வலைகளின் அருகே மீன் விற்கிறார்கள். வாங்கிக் கொடுத்தால் பக்கத்துக் கடைகளில் சமைத்தும் தருகிறார்கள். அங்குள்ள மீனெல்லாம் அவ்வலையில் விழுந்ததென்று எண்ணவேண்டாம். படகில் வந்ததும் உண்டு. எடையையும் விலையையும் சமையற்கூலியையும் முன்னதாகவே பேசிக்கொள்ள வேண்டும். வெளியூர்க்காரர் முகத்தைப் பார்த்தே விலை சொல்லுவோர் எந்தக் கரையிலும் இருக்கிறார்கள். கரிமீனை வாழையிலையில் பொதிந்து சுட்ட பொள்ளிச்சது சுவையில் உயர்ந்ததுதான். 2010இல் கேரள அரசு அதனை மாநில மீனாகவே அறிவித்தது. ஆயினும் முள் மிகுதி, விலையும் மிகுதி. குழந்தைகளோடு செல்லும் மாதச் சம்பளக்காரர்க்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

சாதாரண ஊணுக்கடையே நமக்கு ஏற்றது. செந்நிறக் குத்தரிசிச் சோறு, குடம்புளி இட்ட மீன்குழம்பு, அவியல், மோர். பொரித்த மீனுக்குத் தனி விலை. இளஞ்சிவப்பாய் வெந்நீர் வைத்தால் அஞ்சவேண்டாம். பதிமுகப் பட்டையிட்டுக் காய்ச்சிய நீர் அது. கப்பையும் மத்திக் குழம்பும் கிடைத்தால் விடாதீர்கள். கப்பை என்பது நம் மரவள்ளிதான். தென்னமெரிக்காவில் தோன்றி, கடல் கடந்து வந்த கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதன் பயிரைப் பெரிதும் ஊக்குவித்தார். இன்று அதைவிட மலையாள உணவு வேறேது?

அக்கிழங்கு நெடுங்காலமாக விளையும் கரீபியன் தீவுகளுக்கு நம்மவரும் போயிருக்கிறார்கள். 1853இல் மார்த்தினீக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் பிரெஞ்சுக் கப்பல்களில் ஒப்பந்தக் கூலிகளாய்த் தமிழர் சென்றனர். கொத்துமல்லி, மஞ்சள், சீரகம், கடுகு கலந்த பொடியில் ஆக்கும் ஒரு குழம்பு அங்கே இன்றும் உண்டு. அதற்குப் பெயர் கொலம்போ. தீவினர் அனைவரும் தம் சொந்த உணவாக அதை உண்கின்றனர். ஆனால், சென்றவரின் பேரர்களிடத்தில் தமிழ்ப் பேச்சு நிலைக்கவில்லை. குழம்பு தங்கியது, மொழி தங்கவில்லை. இதை எண்ணும்போது, வீட்டில் ரசத்தை விடாப்பிடியாய்க் காப்பாற்றிக்கொண்டு, பிள்ளைகளுக்கு அகரம் கற்பிக்க மட்டும் நேரமில்லை என்னும் பெற்றோரை நினைத்துக்கொள்கிறேன். வெளியே கப்பையும் மத்தியும் உண்பதால் எந்தப் பிள்ளையும் தமிழை மறந்துவிடாது.

செல்லும் வழி: எர்ணாகுளம் உயர்நீதிமன்றத் துறையிலிருந்து கோட்டைக் கொச்சிக்கு 2024 ஏப்ரல் முதல் நீர் மெட்ரோ ஓடுகிறது. ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்கள் இழுவைப் படகுகளுக்குத் தடையுண்டு. அந்நாட்களில் சிறு படகுகள் கொண்டுவருவதே கிடைக்கும். மீன் விலை ஏறும். அப்போது விருந்தினர் வந்தால் காயிக்கா கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்.