விடை மட்டும் போதுமா?

கணித சாஸ்திரத்துக்கு வேறெந்த சாஸ்திரத்துக்கும் வாய்க்காத ஒரு கௌரவம் உண்டு. அங்கே எவரும் எவரையும் நம்பியே தீர வேண்டியதில்லை. ஒரு தேற்றத்தைச் சொன்னவர் எவ்வளவு பெரிய பண்டிதராக இருந்தாலும், அவர் எழுதி வைத்த நிரூபணத்தை வரிவரியாகத் தொடர்ந்து சென்று, ஓரிடத்தில் வழி தடைப்பட்டால் 'இது பொருந்தவில்லை' என்று எழுந்து நின்று சொல்லும் அதிகாரம் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பிள்ளைக்கும் உண்டு. அந்த அதிகாரம் சென்ற சில பத்தாண்டுகளாகச் சந்தடியின்றிக் குறைந்து வருகிறது என்பதும், உள்ளே நடப்பதைக் காட்டாத கணிப்பு மென்பொருள்களே அதற்கு முதற்காரணம் என்பதும் என் அபிப்பிராயம்.

ஸ்பெயின் தேசத்துக் கணித ஆசிரியர்களான டுரான், பெரஸ், வரோனா ஆகிய மூவர், 2013-ஆம் ஆண்டு வாக்கில் ஓர் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தபோது, தங்கள் அனுமானம் மெய்தானா என்று பார்ப்பதற்காக, மிகப் பெரிய முழு எண்கள் அடங்கிய அணிகளின் அணிக்கோவை மதிப்புகளை மாத்தமெட்டிக்கா என்னும் புகழ்பெற்ற விலை மென்பொருளைக் கொண்டு கணக்கிட்டு வந்தார்கள். விடைகள் முரண்பட்டன. வேறொரு மென்பொருளோடு ஒப்பிட்டும் திரும்பத் திரும்பச் சோதித்தும் அவர்கள் கடைசியில் கண்டுகொண்டது விசித்திரமானது: ஒரே அணியை இருமுறை கொடுத்தால் அந்த மென்பொருள் இருவேறு விடைகளைத் தந்தது. முழு எண்களைப் பெருக்கிக் கூட்டுவதில் தோராயத்துக்கே இடமில்லை என்பதை எண்ணினால் இதன் விபரீதம் விளங்கும். பிழையை நிறுவனத்துக்குத் தெரிவித்தார்கள். அடுத்த பதிப்பு வெளிவந்தபோதும் அது தீரவில்லை என்று 2014-இல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினார்கள்.

பிழை நேர்ந்ததை நான் பெரிதுபடுத்த வரவில்லை. மனிதர் எழுதும் நிரலில் பிழை இருக்கவே இருக்கும். நிரலைத் திறந்து வைக்கும் கட்டற்ற மென்பொருள்களின் பிழைப் பட்டியல்கள் பகிரங்கமாகவே கிடக்கின்றன, அவை சிறியனவும் அல்ல. அந்த மூவருக்கும் நேர்ந்த சங்கடம் வேறு. கணிதத்தையே தொழிலாகக் கொண்டவர்கள், பிழை எந்த வரியில் பிறக்கிறது என்று திறந்து பார்க்க வகையின்றி, வெளியே நின்று விடைகளை ஒப்பிட்டு ஊகிக்க வேண்டியதாயிற்று. தராசின் தட்டை மட்டும் காட்டி, முள்ளைத் துணியால் மூடி வைத்திருக்கும் கடைக்காரரிடம் நாம் சரக்கு வாங்குவோமா?

இந்த அநியாயத்தை வெகு முன்பே உணர்ந்தவர் ஜெர்மனியில் ஆகன் நகரத்துப் பேராசிரியராக இருந்த யோவாகிம் நொய்பூசர். குலக் கோட்பாட்டுக் கணக்குகளுக்காக 1986-இல் 'கேப்' என்ற நிரல் தொகுப்பைத் தொடங்கிய அவர், 1990-களில் ஒரு வாதத்தை முன்வைத்தார். நார்வே நாட்டு சைலோவின் தேற்றத்தை எவரும் நூலகத்துக்குச் சென்று, புத்தகத்தை விலைக்கு வாங்காமலே படித்து, ஆயுள் முழுவதும் காசு கொடுக்காமல் பிரயோகிக்கலாம். ஆனால் அந்தத் தேற்றத்தின் பயனை எந்திரத்தில் ஏற்றித் தரும் மென்பொருளுக்குத் தொடர்ந்து உரிமக் கட்டணம் செலுத்துவதோடு, அது எப்படி விடை கண்டது என்று கேட்கவும் கூடாதென்றால், கணிதத்தின் ஆதி சம்பிரதாயங்கள் இரண்டும் ஒருங்கே மீறப்படுகின்றன என்பது அவர் கூறியதன் சாரம். பணத்தைக் காட்டிலும் இரண்டாவது மீறலே கொடியது என்பேன். பணம் உள்ளவர் கட்டிவிடுவார், ஆனால் எவ்வளவு கட்டினாலும் அந்தக் கதவு திறப்பதில்லை.

விலை மென்பொருள்களின் பூர்வோத்தரத்தை ஆராய்ந்தால் இன்னொரு வேடிக்கை தெரியவரும். 1970-களில் அமெரிக்க அரசாங்கப் பணத்தில், ஆர்கான் ஆய்வுக்கூடத்தை மையமாகக் கொண்டு உருவான ஐஸ்பேக், லின்பேக் என்னும் அணிக்கணக்கு நிரல் தொகுப்புகளை, ஃபோர்ட்ரான் மொழியில் எழுதத் தெரியாத தம் மாணவர்களும் கையாள வேண்டும் என்ற நல்லெண்ணத்தால், நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கிளீவ் மோலர் எழுதியதே மேட்லேப். 1984-இல் அதற்கென நிறுவனம் பிறந்தது. மறு ஆண்டே, அந்தத் தொகுப்புகளை ஆக்கியோரில் ஒருவரான ஜாக் டொங்காராவும் எரிக் கிராஸும் 'நெட்லிப்' என்ற பண்டகசாலையைத் திறந்து, மின்னஞ்சலில் ஒரு வரி எழுதிக் கேட்டவர்க்கெல்லாம் நிரலை இலவசமாக அனுப்பலானார்கள். அந்தத் தொகுப்புகளின் வாரிசாக 1992-இல் வந்த லாபேக் இன்று விலை கொடுத்து வாங்கும் மேட்லேப்பின் உள்ளேயும் இருக்கிறது, விலையில்லாத பைத்தான் மொழியின் நம்பை தொகுப்பின் உள்ளேயும் இருக்கிறது. 'டிஜிஇஎஸ்வி' என்று உச்சரிக்கவே இயலாத பெயர் கொண்ட அதன் துணைநிரல் ஒன்று, எத்தனையோ பொறியாளர்களுக்காக நேரியல் சமன்பாடுகளைத் தீர்த்துக் கொடுத்தவண்ணம் இருக்க, அவர்களில் பெரும்பாலோர் அதன் பெயரைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். டொங்காராவுக்கு 2021-ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது ஓரளவு ஆறுதல்.

வணிகம் கைவிட்டதைத் திறந்த நிரல் காப்பாற்றியதற்கு மாக்ஸிமாவே சாட்சி. மாக்ஸிமா என்னும் குறியீட்டுக் கணித மென்பொருளின் மூத்த வடிவமாக எம்.ஐ.டி.யில் 1968-இல் தொடங்கிய மாக்சைமா, நிறுவனங்களின் கைக்குப் போய் மெல்ல மறைந்தது. அதன் மற்றொரு பிரதியை 1982 முதல் டெக்சாஸில் வில்லியம் ஷெல்டர் தம் சொந்தச் சிரத்தையால் பராமரித்து, 1998-இல் அமெரிக்க எரிசக்தித் துறையின் அனுமதி பெற்றுப் பொதுவில் விட்டார். 2001-இல் அவர் காலமானார். நிரல் திறந்திருந்தபடியால் மற்றவர்கள் எடுத்து நடத்தினார்கள்; இன்றும் அது நடக்கிறது.

எனினும் தனிமனிதரின் தியாகத்தை நம்பியே ஒரு சாஸ்திரத்தின் கருவிகளை வைத்திருப்பது விவேகமன்று. டிராவிஸ் ஆலிஃபண்ட் முன்னின்று 2006-இல் முதற்பதிப்பாக வெளியிட்ட நம்பை, 2015-இல் முதன்முதலாக உணரப்பட்ட ஈர்ப்பலைகளை ஆராய்ந்தோருக்கும் கைகொடுத்தது. அதற்கு முதற்பெரும் நல்கை கிடைத்ததோ 2017-இல். சேஜ் என்ற பரந்த கணித மென்பொருளை 2005-இல் தொடங்கிய வில்லியம் ஸ்டைன், பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு இதை வளர்க்க வழியில்லை என்று கண்டு, 2016-இல் சொந்த நிறுவனத்தை நடத்தப் புறப்பட்டார். கட்டுரை எழுதினால் பதவி உயர்வு, நிரல் எழுதினால் வெறும் நன்றி என்ற நியதி உலகெங்கும் ஒன்றாகவே இருக்கிறது.

நம் நாட்டில் மத்திய அரசின் நிதியோடு பம்பாய் ஐ.ஐ.டி. நடத்தும் 'ஃபோஸ்ஸி' திட்டம், பொறியியல் பாடநூல்களின் தீர்த்த கணக்குகளை மாணவர்களைக் கொண்டே சைலேப் என்னும் கட்டற்ற மென்பொருளின் நிரலாக எழுதச் செய்து வெளியிடுகிறது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் உருவான பேச்சுவழிப் பயிற்சிகள் தமிழிலும் கேட்கக் கிடைக்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால் இலவசமாக உபயோகிப்பதற்குப் பழகும் அளவுக்கு, உபயோகித்ததைச் செப்பனிட்டுத் திருப்பித் தருவதற்கு நாம் பழகவில்லை. விலை மென்பொருளின் உரிமத்துக்காகக் கல்லூரிகள் ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை, திறந்த தொகுப்புகளைப் பராமரிக்கும் ஓரிரு இளைஞர்களுக்குச் சம்பளமாக்கலாம். கணினி தந்த விடையின்மேல் நிற்கும் ஆய்வேட்டோடு, அந்த விடையைத் தந்த நிரலையும் பிறர் ஓட்டிப் பார்க்கத் தக்க வடிவில் ஒப்படைக்க வேண்டுமென்று பல்கலைக்கழகங்கள் விதி செய்யலாம். பொதுத் தொகுப்பு ஒன்றில் ஓர் ஆசிரியர் திருத்திய பிழை, பதவி உயர்வுக் குழுவின் முன் ஒரு கட்டுரைக்குச் சமமாக வைக்கப்படுமானால், அடுத்த ஆண்டே நம் கணிதத் துறைகளில் அந்த வேலைக்கு ஆட்கள் கிடைப்பார்கள்.