தொடையில் பட்டை கட்டும் முன்



கபடியில் முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் செய்துகொண்ட நம் பிள்ளை ஒருவன், வீடியோ பார்த்து ரப்பர் பட்டையைத் தொடையில் இறுக்கிக் கட்டிப் பயிற்சி செய்கிறானாம். முறை நல்லதுதான். ரப்பர் பட்டைதான் கூடாது.

ஆபரேஷனுக்குப் பின் தொடைத் தசை வேகமாக மெலியும். அதை மீட்கக் கனமான எடை வேண்டும். புது ஜவ்வோ அதைத் தாங்காது. இதற்குத்தான் ரத்த ஓட்டத்தைக் குறைத்துச் செய்யும் பயிற்சி. ஜப்பானில் யோஷியாகி சாட்டோ 'காட்சு' என்ற பெயரில் வளர்த்தது. தொடையின் மேல்பகுதியில் காற்றுப்பட்டை கட்டினால், தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 20 முதல் 30 சதவீதமே போதும். முதலில் 30 தடவை, பிறகு 15 வீதம் மூன்று சுற்று. தசை நன்றாகக் களைத்துவிடும்.

ஆனால் காலுக்கு ரத்தம் முழுதாக நிற்கும் அழுத்தத்தை ஒவ்வொருவருக்கும் அளந்து, அதில் 40 முதல் 80 சதவீதம்தான் வைப்பார்கள். (சதவீதக் கணக்கை எத்தனை வருடம் நடத்தினேன்!) ரப்பருக்கு அந்தக் கணக்கு தெரியுமா? அதிகம் இறுகினால் நரம்பு பாதிக்கும். காலில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பிசியோதெரபிக்குச் செலவாகிறது என்று தயங்குகிறீர்கள், புரிகிறது. ஒரு தடவையாவது நேரில் போய், "என் அழுத்தம் எவ்வளவு, எப்படி அளந்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் பட்டை கட்டிக்கொள்ளாதீர்கள்.