யாருடைய இழப்புக்குத் தள்ளுபடி?

சூதாட்ட விடுதிகளும் இணையச் சூதாட்டச் செயலிகளும் வாடிக்கையாளரை ஈர்க்கக் கையாளும் உத்திகளுள் முதன்மையானது இழப்புத் தள்ளுபடி. ஒரு நாளிலோ ஒரு வாரத்திலோ ஆடியவர் நிகரமாக இழந்த தொகையில் 10 விழுக்காடோ 20 விழுக்காடோ திருப்பித் தரப்படும் என்பதே அதன் சாரம். செயலிகளின் மொழியில் அதற்குக் 'கேஷ்பேக்' என்று பெயர். ஆடித் தள்ளுபடிக்குப் பழகிய கண்களுக்கு இதுவும் வழக்கமான வணிகச் சலுகையாகவே தோன்றும். ஆனால், துணிக்கடையில் தள்ளுபடி பெற்றவர் கையில் துணியாவது இருக்கும். சூதாட்ட மேசையில் தள்ளுபடி பெற்றவர் கையில் இருப்பது இழப்பின் மிச்சம் மட்டுமே.

இச்சலுகையைச் சுற்றி ஆலோசனைகளும் பெருகியுள்ளன. எந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் தள்ளுபடியின் முழுப்பயனையும் அடையலாம் என்று வகுப்பெடுப்போர் பலர். கணக்கியல் நோக்கில் இக்கேள்விக்கு விடை உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. அந்த விடையை முழுமையாகச் சொல்லிப் பார்த்தால்தான் அது யாருக்குப் பயன்படும், யாரை வீழ்த்தும் என்பது விளங்கும்.

கணக்கு சொல்லும் உண்மை

ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 37 எண்கள் உள்ளன. 18 சிவப்பு, 18 கருப்பு, எஞ்சிய ஒன்று பூச்சியம். சிவப்பின் மீது ஒருவர் 100 ரூபாய் கட்டுகிறார் என்று கொள்வோர், சராசரியாக 37 முறையில் 18 முறை வெற்றியும் 19 முறை தோல்வியும் நேரும் என்பதை எளிதில் காணலாம். வரவு 1,800 ரூபாய். செலவு 1,900 ரூபாய். ஒவ்வொரு 100 ரூபாய்ப் பந்தயத்திலும் விடுதிக்கு நிற்கும் ஆதாயம் 2 ரூபாய் 70 காசு.

இப்போது 10 விழுக்காடு தள்ளுபடியைச் சேர்க்கலாம். ஒவ்வொரு பந்தயத்துக்கும் தனித்தனியே தள்ளுபடி கிடைக்குமானால், 19 தோல்விகளின் செலவு 1,710 ரூபாயாகக் குறைகிறது. ஆடுபவருக்கு 90 ரூபாய் மிச்சம். ஒரே ஒரு முறை ஆடிவிட்டு எழுந்து செல்பவரிடம் விடுதி தோற்கிறது.

இதனால்தான் எந்த விடுதியும் தள்ளுபடியைத் தனிப் பந்தயத்துக்கு அளிப்பதில்லை. நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ நிகர இழப்புக்கே அளிக்கிறது. அதே மனிதர் ஒரு வாரத்தில் 1,000 முறை 100 ரூபாய் கட்டினால் மொத்தப் பந்தயம் ஒரு லட்சம் ரூபாய். வெற்றியும் தோல்வியும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டபின் சராசரி இழப்பு ஏறத்தாழ 2,700 ரூபாய். அவருக்குச் சராசரியாகத் திரும்பி வரும் தள்ளுபடி 300 ரூபாய் அளவில் நின்றுவிடும். ஆட்டம் நீள நீளத் தள்ளுபடி தேய்கிறது. விடுதியின் பங்கு வளர்கிறது. கைப்பேசித் திரையில் சில நொடிக்கு ஒரு சுற்று ஓடும்போது 1,000 சுற்று என்பது பெரிய எண்ணிக்கையும் அன்று.

ஆக, ஆலோசகர்கள் தேடும் விடை இதுதான்: விடுதியின் ஆதாயம் குறைந்த ஆட்டம், ஏற்ற இறக்கம் மிகுந்த பெரும் பந்தயம், மிகச் சில சுற்றுகள், அதன்பின் உடனே வெளியேறுதல். முறையறிந்து ஆடப்படும் பிளாக்ஜாக்கில் விடுதியின் ஆதாயம் அரை விழுக்காட்டளவே; இரட்டைப் பூச்சியம் கொண்ட அமெரிக்க ரூலெட்டில் அது 5.26 விழுக்காடு.

இந்த விடை விடுதிக்காரருக்கும் தெரியும். குறைந்தபட்சச் சுற்றுகள், தள்ளுபடிக்கு உச்சவரம்பு, ஆதாயம் குறைந்த ஆட்டங்களுக்கு விலக்கு, ரொக்கமாக அன்றி மீண்டும் பந்தயம் கட்ட மட்டுமே உதவும் வரவாகத் தருதல் எனப் பல நிபந்தனைகள் இதற்காகவே எழுதப்படுகின்றன. திறந்திருக்கும் ஒரே வாயிலையும் அவை அடைத்துவிடுகின்றன.

நிபந்தனைகளே இல்லாவிட்டாலும் சராசரி என்பது 37 முறை தோற்கத் தாங்கும் கைக்கே பொருளுடையது. மாதச் சம்பளம் 20,000 ரூபாயை ஒரே பந்தயத்தில் வைக்கும் ஒப்பந்தத் தொழிலாளி தோற்றால், திரும்பக் கிடைக்கும் 2,000 ரூபாய் வீட்டு வாடகைக்கும் போதாது. அடுத்த சுற்று அவருக்கு இல்லை. அல்லது அது வட்டிக்கடையில் தொடங்குகிறது.

அட்லாண்டிக் சிட்டியின் பாடம்

இழப்புத் தள்ளுபடியை வென்று காட்டியவர் என்று உலகெங்கும் பேசப்படுபவர் அமெரிக்கரான டான் ஜான்சன். 2008 நெருக்கடிக்குப் பின்னர், அண்டை மாநிலங்களின் போட்டியாலும் வருவாய் சரிந்து, நியூஜெர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டி விடுதிகள் பெரும் பணக்கார ஆட்டக்காரர்களுக்காக ஏங்கிக் கிடந்தன. குதிரைப் பந்தயத்துக்கான கணினிவழிப் பந்தய நிறுவனம் ஒன்றின் தலைவராயிருந்த ஜான்சன், அந்த ஏக்கத்தைப் பயன்படுத்திப் பேரம் பேசினார். இழப்பில் 20 விழுக்காடு தள்ளுபடி பெற்றார். அத்துடன் பிளாக்ஜாக் விதிகளையும் தமக்குச் சாதகமாக ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டார். விடுதியின் ஆதாயம் கால் விழுக்காட்டளவுக்குச் சுருங்கியது. ஒரு கைக்கு ஒரு லட்சம் டாலர் வரை கட்டி ஆடிய அவர், 2011 ஏப்ரலில் டிராபிகானாவில் ஒரே அமர்வில் சுமார் 58 லட்சம் டாலர் வென்றார். அதற்கு முந்திய மாதங்களில் போர்கேட்டாவில் சுமார் 50 லட்சமும் சீசர்ஸில் சுமார் 40 லட்சமும் அவர் கைக்கு வந்திருந்தன.

இந்நிகழ்வைச் சாமர்த்தியத்தின் வெற்றியாகக் கொண்டாடுவோர் அதன் சாரத்தைத் தவறவிடுகின்றனர். ஜான்சன் வென்றது ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்ததால் மட்டுமன்று. ஆட்டத்தின் விதியையே எழுதும் பேரவலிமை அவரது மூலதனத்துக்கு இருந்ததால். ஐந்து லட்சம் டாலர் இழப்பை ஓர் எல்லையாக வைத்து ஆட வல்லவருக்கே விடுதி மண்டியிட்டது. மேசைக்கு வரும் சாதாரண மனிதருக்கு விதி அச்சிட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. அதை மாற்றக் கேட்கும் உரிமை அவருக்கில்லை.

அந்நகரின் தொழிலாளர்களுக்கும் அவ்வுரிமை இருக்கவில்லை. 2014ஆம் ஆண்டில் மட்டும் நான்கு விடுதிகள் மூடப்பட்டு ஏறத்தாழ 8,000 பேர் வேலையிழந்தனர். அதே ஆண்டில் டிரம்ப் தாஜ்மகால் விடுதி, திவால் நீதிமன்றத்தின் அனுமதியுடன் தொழிலாளர்களின் மருத்துவக் காப்பீட்டையும் ஓய்வூதியப் பங்களிப்பையும் பறித்தது. பின்னர் அவ்விடுதியைக் கைக்கொண்ட கோடீசுவரர் கார்ல் ஐகான், ஜான்சனுக்கு 20 விழுக்காடு தள்ளுபடி தந்த டிராபிகானாவையும் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர். 2016 ஜூலை முதல் நாள், சமையற்காரர்களும் அறைத் துப்புரவுப் பணியாளர்களும் பரிமாறுவோரும் மருத்துவக் காப்பீட்டைக் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கோரிக்கை ஏற்கப்படவில்லை. அக்டோபர் 10 அன்று விடுதி இழுத்து மூடப்பட்டது. ஏறத்தாழ 3,000 பேர் வேலையிழந்தனர். இலட்சக்கணக்கான டாலரைப் பந்தயத்தில் இழப்பவருக்குத் தள்ளுபடி உண்டு. வேலையை இழப்பவருக்கு இல்லை. மூலதனத்தின் கணக்கேட்டில் இழப்பு என்ற சொல்லுக்கு வர்க்கத்துக்கு ஒரு பொருள்.

இந்தியாவின் இரட்டை முகம்

இந்தியச் சட்டத்தின் கீழ் அந்த ஆலோசனைக் கணக்கு மேலும் நொறுங்குகிறது. சூதாட்ட வெற்றிக்கு 30 விழுக்காடு வருமான வரி உண்டு. சூதாட்ட விடுதியில் நேர்ந்த இழப்பை அதில் கழித்துக்கொள்ள அனுமதியில்லை. மேற்சொன்ன ரூலெட் பந்தயத்தில் வரியைச் சேர்த்தால் 100 ரூபாய் வெற்றி 70 ரூபாயாகிறது. 18 வெற்றிகளின் வரவு 1,260. தள்ளுபடி போக 19 தோல்விகளின் செலவு 1,710. ஆலோசகர் காட்டிய 2 ரூபாய் 43 காசு ஆதாயம், பந்தயம் ஒன்றுக்கு 12 ரூபாய் இழப்பாக மாறிவிடுகிறது. இதற்கு மேல், சூதாட்டத்துக்குச் செலுத்தும் தொகையின் மீது 2023 அக்டோபரில் 28 விழுக்காடாக விதிக்கப்பட்ட சரக்கு சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாயிற்று. மக்களின் இழப்பு கருவூலத்தின் வரவாகவும் ஆகியிருக்கிறது.

இணையப் பணச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியது. தடை வரவேற்கத்தக்கதே. ஆனால், மசோதா அறிமுகமான அன்றே மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் போதிய விவாதமின்றி நிறைவேற்றப்பட்டது. பந்தயமும் சூதாட்டமும் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 34ஆம் இனமாக உள்ளவை. இதே நோக்கில் தமிழ்நாடு சட்டமன்றம் 2022 அக்டோபரில் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பியனுப்பியதும், அது மீண்டும் நிறைவேற்றப்பட்டு 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் பெற்றதும் மறக்கத்தக்கன அல்ல. மாநிலம் தடுக்க முனைந்தபோது குறுக்கே நிற்பதும், பின்னர் அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொள்வதும் கூட்டாட்சி ஆகா.

மேலும், அச்சட்டம் திரையில் ஓடும் சூதையே தொடுகிறது. 1992லும் 1996லும் திருத்தப்பட்ட கோவா சட்டத்தின் நிழலில், பணஜி நகரை ஒட்டிய மாண்டோவி ஆற்றில் சூதாட்டக் கப்பல்கள் தொடர்ந்து மிதக்கின்றன. உள்ளூர் மக்கள் அவற்றில் ஆடுவதைத் தடுத்துவிட்டு வெளிமாநிலத்தவரை வரவேற்கும் கொள்கை, அது கேடு என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்குச் சான்று.

'திறன்' என்னும் திரை

சூதாட்ட நிறுவனங்கள் நீதிமன்றத்தில் ஏந்தும் கேடயம் 'திறன் விளையாட்டு' என்னும் வாதம். ரம்மியும் போக்கரும் திறன் விளையாட்டுகள் என்று கூறி, தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடையிலிருந்து அவற்றைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் விலக்கியது. 2025ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எதிரான வழக்குகளிலும் அவ்வாதமே ஒலிக்கிறது. தள்ளுபடிக்கு ஏற்ற ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கக் கற்பிக்கும் ஆலோசனையும் இவ்வாதத்தின் உடன்பிறப்பே. இரண்டும் சொல்வது ஒன்றுதான்: தோற்றவர் தவறாக ஆடினார். கொள்ளையின் பழி கொள்ளை போனவர் தலையிலேயே விழுகிறது.

நிலையான வேலை கிடைக்காத இளைஞரும் கூலி உயராத தொழிலாளியும் அறிவுக் குறைவால் இந்த மேசைக்கு வரவில்லை. உழைத்தால் உயரலாம் என்ற நம்பிக்கையை நவதாராளமயம் சிதைத்த இடத்தில்தான் அதிர்ஷ்டம் கடை விரிக்கிறது. வள்ளுவர் சூது அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில் வைத்தது எண்ணத்தக்கது. தனிமனித ஒழுக்கத்தோடு முடியும் செய்தியன்று சூது. அது அரசும் பொருளாதாரமும் பற்றியது.

எனவே கோரிக்கைகளும் அத்தளத்திலேயே எழ வேண்டும். வெளிநாட்டிலிருந்து இயங்கும் செயலிகளின் பணப் பரிமாற்ற வழிகள் அடைக்கப்பட வேண்டும். கேஷ்பேக் விளம்பரங்களுக்குச் சட்டத்தில் உள்ள தண்டனை ஏட்டளவில் நிற்கலாகாது. கப்பல் சூதாட்டத்துக்கும் முடிவு வேண்டும். அங்கும் மூடப்பட்ட நிறுவனங்களிலும் பணிபுரிந்தவர்களுக்கு மாற்று வேலை உறுதிசெய்யப்பட வேண்டும். சூதில் கடனாளியான குடும்பங்களுக்கு வட்டிக்கொடுமையிலிருந்து காப்பு வேண்டும். உண்மையான இழப்புத் தள்ளுபடி அதுவே. அதைத் தரும் கடமை அரசினுடையது.