"டேம் மீன்" வாங்கப் போகிறீர்களா?

"டாக்டர், கடல் மீன் சூடுங்கிறாங்களே... டேம் மீன் வாங்கலாமா?" தஞ்சாவூர்ப் பக்கத்துத் தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தாராளமாக வாங்கலாம். ஆனால், 'டேம் மீன்' என்று ஒரு மீன் கிடையாதம்மா! கூடையில் இருப்பது என்ன மீன் என்று பெயர் கேட்டு வாங்குங்கள். என் கட்சி அதுதான்.

1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணை நமக்கு நெல்லை மட்டுமா தருகிறது? அங்கே பரிசலில் போய் வலை விரித்துப் பிடிக்கும் கட்லா, ரோகு எல்லாம் வடக்கத்தி ஆற்று மீன்கள். குஞ்சு விட்டு வளர்த்தவை. ஜிலேபிக் கெண்டை இந்தியாவுக்கு வந்ததே 1952-இல்தான். வந்தேறி என்று இவற்றை ஒதுக்க வேண்டாம். நல்ல புரதம் உண்டு. சேற்று வாடை அடித்தால் கல் உப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவி, புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரைத்து விடுங்கள். வாடை அடங்கிவிடும்.

நம்மூர் விராலின் கதை வேறு. ஜனவரி 28-இல் மேட்டூரை மூடியபின் வாய்க்கால் வற்றும். குட்டையில் ஒதுங்கும் விராலைத் தூண்டில் போட்டும் ஊத்தா வைத்தும் பிடிப்பார்கள். மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் கொஞ்சம் தண்ணீரிலும் உயிரோடு கிடக்கும். காய்ச்சலில் எழுந்தவருக்கு விரால் குழம்பு வைத்துக் கொடுப்பது பழைய வழக்கம். வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து வாய்க்காலுக்குத்தானே வந்து சேருகிறது? பிறகு விராலுக்கு எங்கே போவது!

என் கோபமெல்லாம் ஆப்பிரிக்கக் கெளுத்தி மீதுதான். 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு வளர்க்கத் தடை போட்ட மீன். ஆனாலும், கோழிக்கழிவு, இறைச்சிக்கழிவைக் கொட்டிக் குட்டைகளில் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள். வெள்ளத்தில் தப்பி ஆற்றில் இறங்கினால் நம் மீன்குஞ்சுகளை விழுங்கித் தீர்த்துவிடும். சந்தையில் 'தேளி' என்று சொல்லி விற்பார்கள். நாட்டுத் தேளி சின்ன மீனுங்க. மூன்று கிலோ, நான்கு கிலோவுக்கு ஒரு மீனைத் தூக்கிக் காட்டி "தேளிம்மா" என்றால், பேரம் பேசாமல் நடையைக் கட்டுங்கள்.

கரப்பான், சொறி, சிரங்குக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும், நாட்டு மீனே ஆனாலும், பத்தியம் முடியும்வரை பொறுத்திருங்கள்.