கம்பிச் சடக்கிலிருந்து கணினிக்கு

எங்கள் தாத்தா தண்டவாளத்தைக் ‘கம்பிச் சடக்கு’ என்றுதான் சொல்வார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்து, பக்கத்து ரயில் யார்டில் தடம் மாற்றிவிடும் வேலை பார்த்தவர். எந்த நெம்புகோலை இழுத்தால் எந்த வண்டி எந்தப் பக்கம் போகும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்த யார்டு இருந்த இடத்தில்தான் 2001-ல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. இன்று அந்த நெம்புகோலும் இல்லை, அந்த வேலையும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் தங்கை வீட்டுக்குப் போனபோது தாத்தாவின் நினைவு வந்தது. அவள் மகனுக்குப் பல்கலைக்கழகத்தில் நகர, வட்டாரத் திட்டமிடல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஏற்றுக்கொள்ள ஐந்து நாள்தான் பாக்கி. வீட்டில் யாருக்கும் மகிழ்ச்சி இல்லை.

“அண்ணே, டாக்டர், இன்ஜினியர்னா நாலு பேருகிட்ட சொல்லிக்கலாம். இதைப் படிச்சா என்ன வேலை?” என்றாள் தங்கை.

பையனுக்கு வேறு பயம். “ரயிலே ஆள் இல்லாம ஓடுது மாமா. நான் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பிளானையும் கம்ப்யூட்டரே போட்டுடும்னு கூட்டாளிங்க சொல்றானுங்க.”

நியாயமான பயம். ஆனால், ஆளில்லாத ரயில் நமக்குப் புதிதல்ல. 1998-ல் திறக்கப்பட்டபோதே கிளானா ஜெயா எல்ஆர்டிக்கு ஓட்டுநர் கிடையாது. காஜாங், புத்ராஜெயா எம்ஆர்டி தடங்களும் அப்படித்தான். அதனால் மனிதர் தேவையில்லை என்று ஆகிவிட்டதா? 2021 மே 24 இரவு, கேஎல்சிசி அருகே சுரங்கப் பாதையில் ஒரு காலி ரயிலும் பயணிகள் ரயிலும் மோதி 213 பேர் காயமடைந்தார்கள். பழுதான அந்தக் காலி ரயிலை அப்போது ஓர் ஆள் ஓட்டிக்கொண்டிருந்தார். இயந்திரம் கைவிடும் நேரத்தில் மனிதர் பொறுப்பேற்கிறார் என்றால், அவருக்கு முன்பைவிடக் கூடுதலான பயிற்சி வேண்டும்.

திட்டமிடுபவர்களுக்கும் இதே கதைதான். சன்வே பிஆர்டி தடத்தில் 2015 முதல் மின்சார பஸ் ஓடுகிறது. டீசல் பஸ்ஸுக்கு எண்ணெய் ஊற்றச் சில நிமிடம் போதும். மின்கலம் நிறைய அதைவிட அதிக நேரம் பிடிக்கும். டிப்போவுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும், ஒரே நேரத்தில் எத்தனை பஸ் சார்ஜ் ஏறலாம், மாலை நெரிசலுக்குள் எத்தனை தயாராகும் என்று கணக்குப் போடத் தெரியாதவர் எழுதும் கால அட்டவணை தாளில் மட்டும்தான் ஓடும்.

கைபேசியில் கூப்பிட்டால் வரும் வேன் சேவையும் வந்துவிட்டது. எந்தத் தெரு வழியாகப் போவது என்பதை மென்பொருள் முடிவு செய்யும். ஆனால், சேவையின் எல்லைக் கோட்டை எங்கே போடுவது? கோடு கோயிலுக்கு முன்னால் முடிகிறதா, பின்னால் முடிகிறதா? செயலியைத் திறக்கத் தெரியாத பாட்டி எப்படிக் கூப்பிடுவார்? இவற்றை மனிதர்தான் யோசிக்க வேண்டும்.

பையனுக்கு நான் சொன்ன உதாரணம் அவன் வீட்டுப் பக்கத்தில் நடந்தது. பண்டார் உத்தாமாவையும் கிள்ளானின் ஜொஹான் செத்தியாவையும் இணைக்கும் எல்ஆர்டி 3 திட்டத்தின் செலவை 2018-ல் 3,165 கோடி ரிங்கிட்டிலிருந்து 1,663 கோடியாகக் குறைத்தார்கள். அப்போது ஐந்து நிலையங்கள் ஒத்திவைக்கப்பட்டன. புக்கிட் ராஜாவும் பண்டார் பொட்டானிக்கும் அவற்றில் அடங்கும். 2023 அக்டோபரில் தாக்கலான வரவுசெலவுத் திட்டத்தில் ஐந்தும் திரும்ப வந்தன. எங்கே எத்தனை பேர் ஏறுவார்கள் என்ற கணிப்பை வைத்துத்தான் இப்படிப்பட்ட முடிவுகளை எடுக்கிறார்கள். அந்த மேசையில் நம் தாமான்களை அறிந்த ஒருவர் உட்கார்ந்திருப்பது சின்ன விஷயமா?

“அப்ப என்ன தெரிஞ்சிருக்கணும் மாமா?” என்றான்.

தரவைப் படிக்கத் தெரிய வேண்டும். அரசாங்கத்தின் data.gov.my தளத்தில் பஸ், ரயில் கால அட்டவணைகளும் தினசரிப் பயணிகள் எண்ணிக்கையும் இலவசமாகக் கிடைக்கின்றன. கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தால் இன்றே பழகலாம். மின்சாரத்தின் அடிப்படை புரிய வேண்டும். மூன்றாவது, மக்களோடு பேசத் தெரிய வேண்டும். கூட்டத்தில் மலாயில் விளக்கி, அஞ்சடியில் தமிழில் கேட்டு, இரண்டையும் அறிக்கையில் எழுதுகிறவர்கள் குறைவு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பட்டம் மட்டும்தான் வழி என்றில்லை. எஸ்கேஎம் சான்றிதழ் மூன்று நிலை, அதற்கு மேல் இரண்டு டிப்ளோமா நிலை என ஏறிப் போகலாம். மின்சார வண்டியைப் பழுது பார்க்கவும் சமிக்ஞைகளைப் பராமரிக்கவும் கைத்திறன் உள்ளவர்கள் வேண்டும்.

அன்று சாயங்காலமே மருமகன் அந்தத் தரவை மடிக்கணினியில் இறக்கிப் பார்த்தான். பிரிக்பீல்ட்ஸ் பஸ் நிறுத்தங்கள் வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வந்தன. சேலை வாங்க மாதம் ஒரு தடவையாவது அங்கே போகும் தங்கை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“நிறுத்தம் இருக்குடா. உட்கார இடம் இருக்கா, மழைக்கு ஒதுங்க முடியுமான்னு இதுல போட்டிருக்கா?”

“அது இல்லம்மா.”

“அப்ப நேர்ல போய்ப் பாரு. அதையும் எழுதிக்க.”

ஏற்றுக்கொள்ளக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை இரவே தங்கை போன் செய்தாள். இடத்தை ஏற்றுக்கொண்டுவிட்டானாம்.