மெடிக்கலுக்கு முன் வாழைப்பழம்!

வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போகிறவனுக்கு ஊரில் கிடைக்கும் அறிவுரைகளுக்குக் குறைவே இல்லை. ஒரு வாரம் பாலும் வாழைப்பழமும் சாப்பிடு, நெஞ்சு சுத்தமாகிவிடும். ஐந்து நாள் சிகரெட்டைத் தொடாதே, எக்ஸ்ரேயில் தெரியாது. பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடு, ரத்தத்தில் மருந்து காட்டிக்கொடுத்துவிடும்! போன மாதம் பாஸானவன் என்ன சாப்பிட்டானோ அதையே இந்த மாதம் போகிறவனும் சாப்பிடுகிறான். பாலும் பழமும் உடம்புக்குக் கெடுதல் இல்லை, போகட்டும். ஆனால் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறும். கையில் பட்டை கட்டி அளக்கும்போது அந்த ஏறிய அளவுதான் ஃபாரத்தில் எழுதப்படும். இன்னும் சிலர் இருமலை மறைக்க மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குகிறார்கள். நிஜமாகவே காசநோய் இருந்தால், அரைகுறையாக விழுங்கிய மருந்து அதைக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடுமே தவிர குணப்படுத்தாது.

ரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் பார்க்கிறார்கள். பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. இவற்றைப் பற்றியும் சண்டை போட நிறையவே இருக்கிறது. ஆனால் கொஞ்சமும் நியாயம் சொல்ல முடியாதது மார்பு எக்ஸ்ரேயில் தெரியும் பழைய தழும்பு விஷயம்தான்.

காசநோய் வந்து, ஆறு மாதம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, முழுக்கக் குணமானவனின் நுரையீரலில் ஒரு வடு தங்கிவிடலாம். காலில் அடிபட்ட தழும்பு மாதிரிதான் அது. யாருக்கும் ஒட்டாது, எந்தப் பழத்துக்கும் கரையாது. சிறுவயதில் நோய் வந்து போனதே தெரியாதவர்களுக்கும் இப்படி ஒரு வடு இருப்பதுண்டு. வளைகுடா நாடுகளின் பொது மருத்துவ விதிப்படி அந்தத் தழும்பு இருந்தாலே ஆள் 'அன்ஃபிட்'.

சரி, பத்துப் பேர் ஒரே அறையில் படுக்கும் தொழிலாளர் முகாமுக்குள் காசநோயை விடக்கூடாது என்று ஒரு நாடு நினைப்பதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை! ஆனால் நோய் இருக்கிறதா, இருந்து போய்விட்டதா என்பதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதே. அதே தழும்போடு ஒருவர் அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்குப் போனால் என்ன நடக்கிறது? மூன்று நாள் சளி எடுத்து, ஆறு முதல் எட்டு வாரம் வரை வளர்த்துப் பார்க்கிறார்கள். கிருமி வளரவில்லை என்றால் போகலாம். கிருமி இருந்தால்கூட சிகிச்சையை முடித்துவிட்டுப் போகலாம். அங்கே போகிறவருக்கு எட்டு வாரம் காத்திருக்கலாம், சாரம் கட்டப் போகிறவனுக்குக் காத்திருக்க முடியாதாம். அவனுக்குப் பதிலாக வரிசையில் நூறு பேர் நிற்கிறார்கள் அல்லவா!

ஐக்கிய அரபு அமீரகம் 2016இல் கொஞ்சம் இறங்கி வந்தது. ஏற்கெனவே அங்கே வாழ்ந்து விசாவைப் புதுப்பிக்கிறவருக்குக் காசநோயோ தழும்போ தெரிந்தால், நாடு கடத்தாமல் சிகிச்சையும் ஓராண்டு விசாவும் தரலாம் என்றது. உள்ளே இருப்பவரை வைத்துக்கொள்ள முடியும் என்றால், புதிதாக வருகிறவனின் ஆறிப்போன தழும்பில் மட்டும் என்ன பயம்?

இதில் சென்னைக்குக் கூடுதலாகவே கோபம் வரவேண்டும். காசநோயாளியை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் அடைக்கத் தேவையில்லை, வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம், அதனால் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அதிக ஆபத்து இல்லை என்று உலகத்துக்கு நிரூபித்ததே 1956இல் இங்கே தொடங்கிய ஆய்வு மையம்தான். முடிவுகள் 1959இல் வெளிவந்தன. உலகில் புதிதாகக் காசநோய் வருகிறவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இந்தியர்கள். குணமான பிறகும் இத்தனை பேரின் பிழைப்பில் மண் விழுகிறதே என்று இந்திய அரசு அந்த நாடுகளோடு உட்கார்ந்து உரக்கப் பேசவேண்டாமா? ஆண்டுதோறும் வரும் அந்நியச் செலாவணியைப் பற்றி மட்டும் பெருமையாகப் பேசினால் போதுமா?

அது நடக்கும்வரை மெடிக்கலுக்குத் தயாராவது என்றால் பழம் தின்பது அல்ல. ஏஜெண்டிடம் பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது. அரசு ஆஸ்பத்திரியிலேயே எடுக்கலாம். சந்தேகம் இருந்தால் சளிப் பரிசோதனையும் அங்கேயே இலவசம். பழைய எக்ஸ்ரே, சிகிச்சை முடித்த அட்டை, சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைப்பது. வளைகுடா மெடிக்கலில் அந்த அட்டையால் தழும்பு மன்னிக்கப்படாது. ஆனால் வேறு நாட்டு விசாவுக்கு அது உதவும்.

இந்த வரிசையைத்தான் எந்த ஏஜெண்டும் சொல்வதில்லை. முதலில் அட்வான்ஸ், பிறகு மெடிக்கல் என்பதே அவர்கள் வழக்கம். நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி அட்வான்ஸ் கட்டியவன் அன்ஃபிட் சீட்டோடு திரும்பி வரும்போது, "செலவாயிடுச்சு தம்பி" என்று பாதிப் பணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குள் ஊரில் இன்னொருவன் வாழைப்பழம் வாங்கக் கிளம்பியிருப்பான்.