தொடுதிரைக்கு எத்தனை ஆயிரம்?

சகோதரிகளே, இந்தத் தடவை அடுக்களையை விட்டு வாசலுக்கு வருகிறேன். வாசலில் ஒரு புது ஸ்கூட்டர் நிற்கிறது. பெட்ரோல் இல்லை, மின்சாரம். அதை வாங்குவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் நடந்த வழக்கைச் சொன்னால், வாங்க நினைத்திருக்கும் உங்களில் சிலருக்காவது உதவும்.

என் மூத்த பெண் தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டாவது ஷிப்டு வந்தால் வீடு திரும்ப ராத்திரி ஒன்பதரை ஆகிவிடும். எங்கள் வீடு ஐந்தருவிப் பக்கம். தென்காசியிலிருந்து குற்றாலம் 5 கிலோமீட்டர், அங்கிருந்து ஐந்தருவி இன்னொரு 5. சீசனில் நடுராத்திரி வரை ஜனம் ஜேஜே என்றிருக்கும். ஆட்டோ கிடைக்கும், கூலிதான் அவர்கள் வைத்தது சட்டம். சீசன் முடிந்துவிட்டாலோ அந்த ரோட்டில் குரங்குகூட இருக்காது. அவள் வந்து சேருகிற வரைக்கும் நான் வாசற்படியை விட்டு எழுந்திருப்பதில்லை.

அதனால்தான் வண்டி. கையில் சீட்டு எடுத்த பணம் 1,30,000 ரூபாய் இருந்தது. அவளுக்கு ஒரு சங்கிலி பண்ணிப் போட வேண்டும் என்று ஐந்து வருஷமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. சங்கிலி பிறகு ஆகட்டும், பிள்ளை பத்திரமாக வரட்டும் என்று கிளம்பினோம்.

கடையில் ஒரு பையன் வந்தான். நல்ல பையன்தான், வாய் மட்டும் மூச்சு வாங்குவதில்லை. "அக்கா, இதை வண்டின்னு நினைக்காதீங்க, செல்போனுக்குச் சக்கரம் வச்ச மாதிரி" என்றான். முன்னால் புஸ்தகம் அளவுக்கு ஒரு கண்ணாடித் திரை. விரலால் தொட்டால் வழி காட்டும், பாட்டுப் பாடும், போன் வந்தால் யார் என்று சொல்லும். வாயால் சொன்னாலும் கேட்குமாம்! (நம் வீட்டில் வாயால் சொன்னால் கேட்கிற ஒரு ஜீவனும் கிடையாது.) எல்லாம் சேர்ந்து, ரோட்டுக்கு வரும்போது 1,80,000க்கு மேலே.

இவருக்கு அந்தப் பாட்டு பிடித்துவிட்டது. பெண்ணோ என் பலவீனம் தெரிந்தவள். "ஏம்மா, நான் எங்க வந்துக்கிட்டு இருக்கேன்னு ஒன் போன்லயே தெரியும்லா. நீ வாசல்ல ஒக்கார வேண்டாம்" என்றாள். அந்த ஒரு பேச்சில் நான் ஐம்பதாயிரம் கடன் வாங்கவும் தயாராகிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தடுத்தது என் மாமியார். ஒரு சார்ஜில் 150 கிலோமீட்டர் ஓடும் என்று பையன் சொன்னதை வீட்டில் வந்து சொன்னோம். "நூத்தம்பது கிலோமீட்டரா? தெனமும் மதுரைக்காட்டி வேலைக்குப் போறா?" என்று கேட்டார்கள். யாரிடமும் பதில் இல்லை.

அன்று ராத்திரி கேஸ் புஸ்தகத்தின் பின் அட்டையில் கணக்குப் போட்டேன். பையன் காட்டிய வண்டியை எடுக்கவில்லை. விலை எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஓசூர் டி.வி.எஸ். கம்பெனி 2024 மே மாதம் தன் ஐகியூப் வண்டியில் சிறிசும் பெரிசுமாகப் பல ரகம் வெளியிட்டது. அப்போது பெங்களூர் ஷோரூம் விலை இப்படி: 2.2 யூனிட் பேட்டரி உள்ள சிறியது 94,999 ரூபாய். தொடுதிரை முதலான அலங்காரங்களுடன் 3.4 யூனிட் பேட்டரி வண்டி 1,55,555. அதே அலங்காரங்களுடன் 5.1 யூனிட் பேட்டரி வண்டி 1,85,373. (பேட்டரிக்கு அவர்கள் கிலோவாட் மணி என்று சொல்வார்கள். பயப்படாதீர்கள், நம் வீட்டு மீட்டரில் ஓடுகிற யூனிட்தான் அது.)

பெரிய வண்டிகள் இரண்டுக்கும் அலங்காரம் ஒன்றுதான், பேட்டரிதான் வித்தியாசம். 1.7 யூனிட்டுக்கு 29,818 ரூபாய் அதிகம். அதாவது யூனிட்டுக்குச் சுமார் 17,500. அதே கணக்கில் சிறியதிலிருந்து நடு வண்டிக்குப் போக 1.2 யூனிட்டுக்கு 21,000 கூடுதலாக இருந்தால் நியாயம். ஆனால் கூடியிருப்பது 60,556! மிச்சம் 39,500 எங்கே போயிற்று? அறிமுக விலை, சார்ஜர், மற்ற சாமான் என்று கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி அந்தத் திரைக்கும் அதைச் சேர்ந்ததுகளுக்கும்தான் போயிருக்க வேண்டும் என்று என் கணக்குச் சொல்கிறது. சிறிய வண்டியில் திரையே இல்லை என்று நினைக்காதீர்கள். வேகமும் சார்ஜும் காட்ட அதிலும் கலர்த் திரை உண்டு.

இன்னும் வெளிப்படையாக ஒன்று நடந்தது. ஏதர் என்று இன்னொரு கம்பெனி, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இருவர் 2013-ல் தொடங்கியது. அவர்கள் தொழிற்சாலையும் ஓசூரில்தான். 2023-ல் அவர்கள் தங்கள் 450எக்ஸ் வண்டியை இரண்டு விதமாக விற்றார்கள். இரண்டிலும் அதே மோட்டார், அதே பேட்டரி. ஆனால் 'ப்ரோ பேக்' என்று தனியாகச் சுமார் 30,000 ரூபாய் கட்டினால்தான் வழி காட்டும் படமும், போன் இணைப்பும், ஓட்டும் விதத்தை மாற்றிக்கொள்ளும் வசதியும் திறக்கும். கட்டாதவர்கள் வண்டியிலும் திரை இருக்கும், பூட்டித்தான் இருக்கும். அவர்கள் ஒளித்துச் செய்யவில்லை, சொல்லித்தான் விற்றார்கள். வசதிகளின் விலை என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு இதைவிடத் தெளிவான சீட்டு கிடைக்கவில்லை.

பல வண்டிகளில் இந்தப் போன் இணைப்பு இரண்டு மூன்று வருஷத்துக்குத்தான் இலவசம், அப்புறம் வருஷா வருஷம் சந்தா. கடையில் நீங்களாகக் கேட்டால்தான் சொல்வார்கள். 2023-ல் சார்ஜரையே வண்டி விலையில் சேர்க்காமல் தனியாகக் காசு வாங்கியதை மத்திய அரசு விசாரித்து, பெரிய கம்பெனிகள் நான்கு அந்தப் பணத்தை வாங்கினவர்களுக்குத் திருப்பித் தர நேர்ந்தது. ஆகவே, "இந்த விலையில் என்னென்ன அடக்கம்?" என்று எழுதி வாங்குவதற்கு வெட்கப்பட வேண்டாம்.

மிச்சம் பிடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பெண்ணுக்குப் போக வர 20 கிலோமீட்டர். பெட்ரோல் வண்டி என்றால் மாதம் 1,200, 1,300 ரூபாய் ஆகும். மின்சாரத்தில் 20 யூனிட், கூடப்போனால் 25. யூனிட் ஏற ஏற வீதமும் ஏறும் என்றாலும் பெட்ரோலுக்குப் பக்கத்தில் வராது. ஆனால் இந்த லாபம் லட்ச ரூபாய் வண்டியிலும் அதேதான், ஒன்றே முக்கால் லட்ச ரூபாய் வண்டியிலும் அதேதான். "வாங்கின காசு பெட்ரோலில் வந்துவிடும்" என்று விலை உயர்ந்த வண்டியைக் காட்டிச் சொன்னால் நம்பாதீர்கள்.

வண்டியை ஓட்டிப் பார்த்தது ஆடி மாதச் சாரலில். எனக்கும் ஓட்டத் தெரியும், அப்பாவின் டி.வி.எஸ். 50-ல் பழகின கை. அந்தப் பெரிய திரை வண்டியைத்தான் முதலில் கொடுத்தார்கள். குற்றாலத்தைத் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. ஈர விரலால் தொட்டால் திரை அசையவில்லை. துளி விழுந்தால் அதுவாக எதையோ திறக்கிறது! வழி காட்டும் படம் போய்ப் பாட்டு வந்தது. பிறந்து வளர்ந்த ரோட்டில் எனக்கு வழி எதற்கு என்பது வேறு விஷயம். கைப்பிடியில் பொத்தான் இருந்ததோ பிழைத்தேன். வாங்குகிறவர்கள் முக்கியமான வேலைகளுக்குப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் பரிகாசம் பண்ணினேன் என்று எழுதினால் பொய். ஐந்தருவி ஏற்றத்தில் கார்களுக்குப் பின்னால் நின்றபோது, பிரேக்கை விட்டும் வண்டி பின்னுக்கு உருளாமல் நின்றது. அதற்குத் தனி வசதியாம். பின்னால் மாமியாரை உட்கார வைத்துக்கொண்டு ஏற்றத்தில் நிற்கிறவளுக்கு அதன் அருமை தெரியும். பின்னோக்கி நகரும் வசதியும் அப்படியே. நெருக்கடியில் நிறுத்திய வண்டியை இழுத்து இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். டயரில் காற்றுக் குறைந்தால் சொல்வதும் ராத்திரி தனியாக வருகிற பெண்ணுக்கு நல்லதுதான். பார்த்தால் இவையெல்லாம் திரைக்குள்ளே இல்லை, வண்டிக்குள்ளே இருக்கின்றன. முதல் இரண்டும் விலை குறைந்த சில வண்டிகளிலும் கிடைக்கின்றன.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்கே திரும்பும் என்பார்கள். அதிலே ஒரு நுணுக்கம். பேட்டரி நிரம்பியிருந்தால், பெரும்பாலான வண்டிகளில் அது வேலை செய்யாது. நிறைந்த குடத்தில் எங்கே ஊற்றுவது? எங்களைப் போல் மேட்டில் குடியிருக்கிறவர்கள் 90 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திக்கொண்டால், காலையில் இறங்கும்போது அந்தப் பலன் கிடைக்கும்.

ஆக, காசு கூடக் கொடுப்பதானால் பேட்டரி வாரண்டிக்குக் கொடுங்கள். 8 வருஷம், 80,000 கிலோமீட்டர் வரை வாரண்டி தருகிற கம்பெனிகள் வந்துவிட்டன. சில இடத்தில் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. பேட்டரியின் சக்தி எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதைக் கேளுங்கள். ரிப்பேர் பார்க்கும் இடம் உங்கள் ஊரிலா, ஐம்பது கிலோமீட்டர் தள்ளியா என்றும் கேளுங்கள்.

அடுத்தது தீ. 2022 மார்ச்சில் வேலூரில், சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்த வருஷம் நாட்டில் வேறு பல இடங்களிலும் வண்டிகள் எரிந்தன. அதன் பிறகு ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதி கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலுமாக இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. பழைய வண்டி மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் இந்தத் தேதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். படுக்கிற அறைக்குப் பக்கத்தில், தூங்குகிற நேரத்தில் சார்ஜ் போட வேண்டாம். ஓட்டி வந்த சூடு ஆறட்டும். எர்த் உள்ள 15 ஆம்பியர் பிளக்கில் நேராகப் போடுங்கள். மிக்ஸிக்கு இழுக்கிற நீட்டு வயரெல்லாம் கூடாது.

கடைசியில் சிறிய பேட்டரி வண்டியைத்தான் எடுத்தோம். ரோட்டுக்கு வந்தது 1,12,000 ரூபாய். மூன்று நாளைக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டால் போதும். மாமியார் முதல் நாள் பின்னால் உட்கார்ந்து திருக்குற்றாலநாதர் கோயிலுக்குப் போனார்கள். பாதி வழியில், "ஏட்டி, சத்தத்தையே காணோம், ஓடுதா நிக்கா?" என்று கேட்டார்களாம்.

பெண் எங்கே வருகிறாள் என்று தெரிய வேண்டும் என்றேனே, அது நடந்துவிட்டது. வேலை முடிந்து கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் தன் இருப்பிடத்தை எனக்குத் திறந்துவிடுகிறாள். 8 மணி நேரம் வரை அது காட்டிக்கொண்டே இருக்கும். தனிக் காசு இல்லை. வண்டி ஓடும்போது போனைத் தொடக் கூடாது என்பது மட்டும் என் கண்டிப்பு.

மிச்சம் 18,000-ல் வாசல் திண்ணைக்கு எர்த் வயர் இழுத்துத் தனிப் பிளக் வைத்தோம். இரண்டு நல்ல ஹெல்மெட், ஒரு மழைக்கோட்டு வாங்கினோம். பாக்கியை மறுபடியும் சீட்டில் முதல் தவணையாகக் கட்டிவிட்டேன், சங்கிலிக்கு.